கருவேல மரத்துக்கு வளையல்

என் வயிற்றைப் பார்த்து "எத்தினி மாசம் சார்?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எண்பதுகளின் நடுவில் எனக்கு வயிறு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. திண்டிவனம் மெஸ் சாப்பாட்டின் உபயத்தில் சட்டைக்குள் ஒரு சிறு முன்னோட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முழுப்படமே ஓடுகிறது. குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. பதில் சொல்ல ஆரம்பித்தால் வருஷக் கணக்கில் சொல்ல வேண்டியிருக்கும்.

என்னை மட்டும் அவர் கேட்டார் என்று பெருமைப்பட முடியாது. அவர் ஒரு கிராமத்து நர்ஸ். மாட்டிடம் கேட்பார், ஆட்டிடம் கேட்பார், டீக்கடை வாசலில் பெருத்துப் படுத்திருக்கும் நாயிடம் குனிந்து கேட்பார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் பூவோடு நின்றுவிட்ட மாமரத்திடம் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். உலகத்து உயிர்களை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். மாசமாக இருப்பவை, மாசமாக இல்லாதவை. இரண்டாவது வகை, முதல் வகைக்கு இடம் விட வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும், முக்கியமாக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவருடைய அரசியல், மதம், தத்துவம் எல்லாம் இவ்வளவுதான்.

பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரிலும் யாரும் சொன்னதில்லை. நர்சம்மா என்றால் அவர்.

நான் அப்போது ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. திண்டிவனத்தில் கன்னியப்பனின் மைக்செட் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மொபெட், யூரியாவின் மகிமை அச்சடித்த ஒரு பை நோட்டீஸ், இவ்வளவும் என் உடைமைகள். விழுப்புரத்தில் இருந்த மானேஜருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். யூரியா நன்றாக விற்கும் ஊர்களில் பச்சைக் குண்டூசி, சுமாராக விற்கும் ஊர்களில் மஞ்சள். திண்டிவனம் விழுப்புரம் ரோட்டிலிருந்து கிழக்கே விலகிப் போகும் ஓர் ஊரில் மட்டும் சிவப்பு.

"அந்த ஊர்ல நெல்லே போடறதில்லையா?" என்றார் மானேஜர்.

"போடறாங்க சார். நல்லா விளையுதாம்."

"அப்ப யார்கிட்டயோ வாங்கறான். போட்டிக் கம்பெனி எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா."

போனேன். வரப்பில் நின்றிருந்த ஒரு விவசாயியிடம் யூரியாவைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "அது எங்களுக்கு மேலேர்ந்தே வுழுது சார்" என்று வானத்தைக் காட்டினார். பக்தியாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஏரிக்குள் பாதித் தண்ணீரில் கருவேல மரங்கள் நின்றன. இலை தெரியவில்லை. மரம் முழுக்க நாரை. நத்தைக்குத்தி நாரைகள் மேல் கிளையில், கொக்குகள் நடுவில், நீர்க்காகங்கள் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. ஒவ்வொரு கிளையிலும் குச்சிக் கூடு, ஒவ்வொரு கூட்டிலும் குடும்பம். மரத்தின் மேல் பாதி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழ, தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போக, வயல் கரும்பச்சையாக நின்றது. விளம்பரம் கிடையாது, டீலர் கிடையாது, மூட்டை கிடையாது, வீடு தேடி வந்து விநியோகம். அப்படி ஒரு போட்டிக் கம்பெனியை என் வாழ்நாளில் நான் சந்தித்ததில்லை.

மானேஜரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மறுவாரம் அதே கரையில் ஒரு விவசாயிகள் கூட்டம் போட்டேன். கன்னியப்பன் ஒலிபெருக்கிக் குழாயை ஒரு வேப்பமரத்தில் ஏரியைப் பார்க்கக் கட்டினான். நான் மைக்கைத் தட்டி, "அலோ, மைக் டெஸ்டிங்" என்றேன்.

ஏரி எழுந்தது. அப்படித்தான் சொல்ல முடிகிறது. மரங்களின் மேலிருந்த வெள்ளை மொத்தமும் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. சிறகுச் சத்தம் பெருமழை மாதிரி தலைக்கு மேல் இறங்கியது. கூடுகளில் முட்டைகள் மட்டும் திறந்து கிடந்தன. எங்கிருந்தோ ஒரு சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைப் புடவை, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, பின்கேரியரில் பிரசவப் பை, கையில் கறுப்புக் குடை. இறங்கியவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரின் ஒயரைப் பிடுங்கினார். பிறகு என்னிடம் வந்து, ரகசியம் சொல்வதுபோல் மெதுவாக, "இது பிரசவ வார்டு சார்" என்றார்.

"நான் வந்து, உரம்..."

"ஒங்க வீட்டுப் பொண்ணு பிரசவத்துக்கு வந்து படுத்துக்கினு இருந்தா, கட்டில் பக்கத்துல கொழாய் கட்டிக் கத்துவீங்களா?"

அப்புறம்தான் என் சட்டையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த பன்னிரண்டு விவசாயிகளும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஊரில் ஐப்பசி பிறந்தால் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. கல்யாணத்துக்கு மைக்செட் கிடையாது, சாவுக்குப் பறை ஏரிப் பக்கம் அடிப்பதில்லை, தீபாவளிக்கு வெடி கிடையாது. நாரைகள் எல்லாம் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்கள் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். அதற்கு முன் ஊரின் எல்லாத் தெருவிலும் கொக்குக் குழம்புக்கு ஆள் இருந்தது. பிறகும் இருந்திருக்கலாம். ஆனால் அடுப்பில் வைக்கும்போது வீட்டுப் பெண்கள், "எவ வூட்டு மசக்கைக்காரியோ" என்று முனகினால் எவனுக்குத்தான் இறங்கும்?

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இந்த மசக்கை, சீமந்தம் எல்லாம்..." என்று ஒரு தடவை இழுத்தேன்.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க கையில வளையல் போட்டுக்கினுதான் சார் பெத்துதுங்க" என்றார்.

அவருக்கு விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவரும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். சனிக்கிழமை பாசஞ்சரில் போய், திங்கட்கிழமை காலையில் திரும்புவார். "எங்கம்மாவுக்கு நாங்க பொறந்த பெறகு எங்க மேல இன்டரஸ்ட் போயிடுச்சு அங்கிள்" என்று அவருடைய மகள் என்னிடம் ஒரு முறை சொன்னாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அதட்டியும் பார்த்ததில்லை. வந்து நிற்பார், அவ்வளவுதான். ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் ரோட்டின் நடுவில் கறுப்புக் குடை ஒன்று நின்றது. பஸ்ஸும் நின்றது. ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக ஏற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, "திருப்புங்க. திண்டிவனம் பெரியாஸ்பத்திரி" என்றார். கண்டக்டர், "இது விழுப்புரம் வண்டிம்மா, எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கினு..." என்றார். நர்சம்மா அவரைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல், பெண் பார்க்கப் போகிற ஒரு மாப்பிள்ளைக் குடும்பம், மானேஜரிடம் திட்டு வாங்கப் போகிற நான். பஸ் திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் இறங்கிய பிறகுகூட டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து செய்தி வரும்வரை காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். பெண் குழந்தை. மாப்பிள்ளைக் குடும்பத்துப் பெரியவர் நல்ல சகுனம் என்று எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நான் தாமதத்துக்குக் காரணம் பிரசவம் என்று சொன்னதை மானேஜர் நம்பவில்லை.

அந்தக் கறுப்புக் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் அவர் அதை விரித்ததில்லை. கரையோரக் கருவேலமரங்களுக்கு அடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் விரிப்பார். நாளடைவில் அது கறுப்புக் குடையா வெள்ளைக் குடையா என்று பந்தயம் கட்டலாம்போல் ஆகிவிட்டது. துவைக்க மாட்டார். "புள்ளைங்க மேல போறதையெல்லாம் உடனே தொடச்சிக்கினு இருந்தா நர்சு வேல பாக்க முடியுமா?" என்பார்.

பிரச்சினை வந்தது மழை குறைந்த ஒரு வருஷம். ஏரியில் தொடையளவு தண்ணீர்தான். நாரைகள் என்னவோ வந்துவிட்டன. மழைக் கணக்குப் பார்க்க அவற்றுக்கு வானிலை அறிக்கை கிடைப்பதில்லை. புதிதாக ஜெயித்து வந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர், ஏரி மரங்களை ஏலத்தில் விட்டார். எடுத்தவர் விழுப்புரத்துக் காண்ட்ராக்டர். செங்கல் சூளைகளுக்கு விறகு சப்ளை. தை பிறந்தால் சூளை மூட்ட வேண்டும், ஆகவே மரம் உடனே வேண்டும். கூடுகளில் அப்போதுதான் குஞ்சுகள் கழுத்தை நீட்ட ஆரம்பித்திருந்தன.

காண்ட்ராக்டரின் ஆள் மரங்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட வந்த அன்று நர்சம்மா கரையில் வந்து நின்றார். நானும் இருந்தேன். ஒரு ரகசியம்: மரம் போனால் நாரை போகும், நாரை போனால் யூரியா விற்கும் என்று மானேஜர் எனக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லியிருந்தார். அந்த ஊருக்குப் பச்சைக் குண்டூசியே வாங்கி வைத்துவிட்டார்.

வழக்கமாக நர்சம்மா வந்து நின்றால் எதிரில் இருப்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அன்று நகரவில்லை. ஏனென்றால் எதிரில் இருந்தவர்கள் காலனிக்காரர்கள். வெட்டுகிற, சுமக்கிற கூலி வேலை அவர்களுக்கு என்று பேச்சாகியிருந்தது. முன்னால் நின்றவள் அஞ்சலை. வயிறு நன்றாகத் தெரிந்தது.

"அஞ்சல, நீ இன்னாடி இங்க. இரும்பு மாத்திர சாப்புட்டியா?"

"மாத்திரைய இன்னாத்த வெச்சிக்கினு முழுங்கறது நர்சம்மா?"

நர்சம்மா பிரசவப் பையைத் திறந்தார். அஞ்சலை நிறுத்தவில்லை.

"இந்த வருஷம் நடவு பாதி. மல்லாட்டைக் கொல்லை காஞ்சிப்போச்சி. கேப்பைக் கூழுக்கே வழி இல்ல. இந்த மரம் வெட்டுற வேலதான் எங்களுக்கு மாசி வரைக்கும் கஞ்சி. அதையும் நீங்க வந்து நிறுத்திட்டீங்கன்னா?" அவள் குரலை உயர்த்தவில்லை. அந்தக் கரையில் குரலை உயர்த்தக் கூடாது என்று அவளுக்கும் பழகியிருந்தது. "அதுங்க பிரசவம் பெருசா, எம்பிரசவம் பெருசா? நீங்களே சொல்லுங்க."

சுண்ணாம்பு வாளிக்காரன்கூட பதிலுக்காக நின்றான். நர்சம்மா குடையைப் பார்த்தார், அஞ்சலையின் வயிற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஏறி ஓட்டக்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரம் ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். பாசஞ்சரிலிருந்து எல்லோரும் இறங்கிப் போயும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஏதோ சொல்வதாக நினைத்துக்கொண்டு, "விடுங்க, கூலிக்காக ஏதோ பேசிட்டா" என்றேன்.

"சும்மா இருங்க சார். அவ சரியாத்தான் கேட்டா." பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து சொன்னார்: "ஒரே நேரத்துல ரெண்டு கேஸ் வந்தா ஒண்ண வெளிய அனுப்புன்னு எனக்கு எவனும் சொல்லிக்குடுக்கல. நான் அனுப்பவும் மாட்டேன். ஆனா எப்பிடின்னுதான் தெரியல."

அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நான் தலைவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மரம் போன பிறகு எத்தனை மூட்டை யூரியா தேவைப்படும் என்று அவருக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தேன். நர்சம்மா வந்து நின்றார்.

"தலைவரே, ஒங்க மில்லு ஏன் ஓடல?"

வீட்டுக்கு ஒட்டினாற்போல் அவருடைய நெல் அரைக்கும் மில். "பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது இல்லீங்களா. சத்தம் ஆவாதுன்னு நெல்லை எல்லாம் திண்டிவனம் அனுப்பிக்கினு இருக்கறேன். நீங்கதான ஊசி போடறீங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"ஏரியில இருக்கறதுங்களும் பிரசவத்துக்கு வந்ததுங்கதான்."

"ஏலம் முடிஞ்சிப்போச்சி நர்சம்மா. இன்னும் எதுக்கு அந்தப் பேஜாரு?"

"வெட்டவே வேணாம்னு நான் சொல்லல. குஞ்சு பறந்த பெறகு வெட்டட்டும். அத நான் காண்ட்ராக்டர்கிட்ட பேசிக்கறேன். ஒங்ககிட்ட கேக்க வந்தது வேற."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்டைத் தள்ளிப்போடச் சொன்னதைவிடப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

"அதுங்களுக்கு அம்மா வூடு எது? காலனி. ஏரிக்குப் பக்கத்துல இருக்கறது அவங்க. நாத்தம் அவங்களுக்கு, குஞ்சு கத்தற கத்து அவங்களுக்கு, நாய் வந்தா வெரட்டறது அவங்க புள்ளைங்க. இந்தாண்ட ஊர்த்தெருதான் மாமியார் வூடு. நீங்க ஒண்ணும் பண்றதில்ல. எரு தண்ணியா வந்ததும் கொழந்தைய மட்டும் தூக்கிக்கினு போயிடறீங்க. அந்தத் தண்ணியில காலனிக்கு ஒரு காணி நெலம் உண்டா? அவங்களுக்கு இந்தப் பிரசவத்தால இன்னா கெடச்சிது?"

"அதுக்கு?"

"சீரு செய்ங்க. நெலம் இருக்கற வூடு ஒவ்வொண்ணும் அறுப்புக்கு ஒரு மரக்கா நெல்லு காலனிக்கு அளக்கணும், நாரைங்களப் பாத்துக்கறதுக்கு. ஏரி மீனு இனிமே வெளியூர்க்காரனுக்குக் குத்தகை இல்ல. காலனிக்கு."

தலைவர் சிரித்துவிட்டார். "எந்த ஊர்ல நர்சம்மா மாப்ள வூட்டுக்காரன் பொண்ணு வூட்டுக்குச் சீரு செய்வான்?"

"இந்த ஊர்ல."

"ஊரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் தலைவர். அந்த வட்டாரத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம். எனக்கு யூரியா விஷயத்தில் எத்தனையோ தடவை அதே பதில் கிடைத்திருக்கிறது.

அப்போது மோர் டம்ளரோடு வந்த தலைவரின் மனைவி, டம்ளரை எனக்குக் கொடுத்தபடியே கணவரிடம் சொன்னார்: "எங்கப்பன் எனக்குச் செஞ்ச சீருல ஒரு குண்டானாவது நீ திருப்பிச் செஞ்சிருக்கிறியா? ஒரு தபாவாச்சும் யாருக்காச்சும் செஞ்சி பாரேன். இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்."

நான் மோரைக் கவனமாகக் குடித்தேன். தலைவரிடம் மோர்கூட இல்லை.

"ஊரைக் கேக்கறதுன்னா வெள்ளிக்கிழமை கேளுங்க" என்றார் நர்சம்மா. "கரையில வளைகாப்பு. பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

"யாருக்கு?"

"நாரைங்களுக்கு."

தலைவரின் மனைவி யோசித்தார். "வளைகாப்பு போட்டப்பறம்தான அம்மா வூட்டுக்கு இட்டுக்கினு வருவாங்க?"

"முறை தெரியாத பொண்ணுங்க அக்கா. நேரா வந்துட்டுதுங்க. நாமதான் பாத்து செய்யணும்."

வெள்ளிக்கிழமை காலையில் அனந்தபுரம் சந்தையில் கடை போடும் வளையல்காரர் தம் பெட்டியோடு வந்து கரையில் உட்கார்ந்திருந்தார். நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் கரையோரப் புளியமரத்தடியில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு நின்றேன். சொல்லப்போனால், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நின்றேன். அவர் தோற்பதை யாராவது ஒருவர் மரியாதையாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

காலனிப் பெண்கள் முதலில் வந்தார்கள். வேண்டாவெறுப்பாகத்தான், நர்சம்மா கூப்பிட்டுவிட்டாரே என்று. அப்புறம் ஊர்த்தெருவிலிருந்து தலைவரின் மனைவி தன் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் தட்டில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சைச் சாதம், புளிச் சாதத்தோடு பெண்கள். எல்லோரும் வந்துவிடவில்லை. சில வீடுகளின் கதவு திறக்கவே இல்லை. வந்தவர்களும் கலந்து நிற்கவில்லை. கரையின் இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி, நடுவில் ஓர் இடைவெளி. வளையல்காரர் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அந்த இடைவெளியில் உட்கார்ந்தார்.

"மொத வளையல் அம்மா வூட்டுக்காரிதான் போடணும்" என்றார் நர்சம்மா. "அஞ்சல, வாடி."

அஞ்சலை அசையவில்லை. "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல நர்சம்மா."

"அதுக்குத்தான் கூப்புடறேன்."

ஊர்ப் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, தலைவர் வீட்டில் கேட்டதையே கேட்டார். மரக்கால் நெல், ஏரி மீன். மேலே குஞ்சுகள் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன. தலைவரின் மனைவி தட்டைக் கீழே வைத்தார். "எங்க வூட்டு நெல்ல நானே அளந்து குடுக்கறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, "எங்களுதும்" என்றாள். அப்புறம் இன்னும் சிலர், தங்கள் கணவன்மாரைக் கேட்காமல். அந்த ஊரின் சரித்திரத்தில் ஆண்கள் கூடாமல் எடுக்கப்பட்ட முதல் தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும். மினிட் புத்தகத்தில் ஏறவில்லை.

அஞ்சலை பெட்டியிலிருந்து பச்சை வளையல்களை எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒன்பதாம் மாத வயிறு தண்ணீரைத் தொட்டது. தாழ்ந்திருந்த கருவேலக் கிளையைப் பிடித்து, முள்ளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து, ஒரு வளையலை ஏற்றினாள். விரலில் ரத்தம். அதைச் சப்பிக்கொண்டு அடுத்த வளையலை ஏற்றினாள். பின்னாலேயே தலைவரின் மனைவி பட்டுப் புடவையோடு இறங்கினார். அப்புறம் கணக்கு வைக்க முடியவில்லை. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் மரம் மரமாக ஏறின. சாதத்தை இந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். ஆனால் தண்ணீருக்குள் பக்கம் இல்லை. முள் குத்தியவளுக்கு யார் கை பக்கத்தில் இருந்ததோ அந்தக் கை எடுத்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது பறவைகளை. நான் ஒரு மைக்கைத் தட்டியதற்கு எழுந்த வானம் அது. இப்போது இத்தனை பெண்கள் அடியில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வளையல் கிணுகிணுக்கிறது. ஒரு நாரைகூட எழவில்லை. ஒரு நத்தைக்குத்தி மட்டும் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தது. பிறகு குஞ்சுக்கு நத்தையை ஊட்டப் போய்விட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் டிராக்டரில் வந்து இறங்கினார். கூட வந்த வெட்டுமேஸ்திரி மரத்தைப் பார்த்தான், வளையலைப் பார்த்தான், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "வளைகாப்பு போட்ட மரத்துல என்னால கோடாலி வெக்க முடியாதுங்க. எம்பொண்டாட்டியும் மாசமா இருக்குது."

"இன்னாய்யா பேஜாராப் போச்சி. மரத்துக்கு எவனாவது..." என்று ஆரம்பித்த காண்ட்ராக்டர் திரும்பினார். நர்சம்மா வந்து நின்றிருந்தார். அவருடைய பார்வை காண்ட்ராக்டரின் பெரிய வயிற்றின் மேல் இருந்தது. கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டார். டிராக்டர் டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காண்ட்ராக்டரும் கடைசியில் சிரித்தார். சிரித்தவரோடு பேரம் பேசுவது சுலபம். கரைக்கு வெளியே புறம்போக்கில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை, அதாவது வேலிக்காத்தானை, சூளைக்கு வெட்டிக்கொள்வது, ஏரி மரத்தில் கூடு இல்லாதவற்றைக் குஞ்சு பறந்த பிறகு எடுப்பது, இரண்டுக்கும் கூலி காலனிக்கு என்று முடிந்தது. வேலிக்காத்தான் இன்னும் நன்றாக எரியும் என்று மேஸ்திரி சொன்னான்.

நெல்லை எல்லா வீட்டிலும் அளந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளந்த வீடுகள் அளக்காத வீடுகளைப் பேசிய பேச்சில், பங்குனிக்குள் பாக்கி அதிகம் இல்லை.

எனக்கு அந்தக் கோடையில் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. மானேஜர் பச்சைக் குண்டூசியை என் கண்ணெதிரிலேயே டப்பாவில் போட்டு மூடினார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஊருக்குப் போனேன். சனிக்கிழமை. நர்சம்மா விழுப்புரம் பாசஞ்சருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. காலனி ஆண்களும் பெண்களும் சேற்றில் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடையில் விராலும் கெளுத்தியும் துள்ளின. கரையில் தலைவரின் ஆள் விலை குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தான். கரையோரக் கருவேல மரத்தில் வளையல்கள் வெயிலில் மின்னின. பிந்தி வந்த நாரைகள் சில இன்னும் கூட்டில் இருந்தன. அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு புடவை ஏணை கட்டியிருந்தது. ஏணைக்குள் ஒரு சிசு. ஏணைக்கு மேலே, மேலிருந்து விழுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு, கயிற்றால் கட்டின நர்சம்மாவின் குடை. அதில் கறுப்பு என்று ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல், செதிள் ஒட்டிய விரலை உதட்டில் வைத்தாள்.

ஏணையில் தூங்கிய சிசுவுக்காகவா, மேலே கூட்டில் இருந்த நாரைக்காகவா என்று நான் கேட்கவில்லை. மொபெட்டைக் கிளப்பாமல், ரோடு வரும்வரை தள்ளிக்கொண்டே போனேன்.